அங்க போயும் நூல் வெட்டணுமா?

அம்மாவை எடுப்பதற்குச் சற்று முன்னால், எங்கள் நெமிலிச்சேரி வீட்டு வாசலில் ஒரு சின்னத் தகராறு நடந்தது. குளிப்பாட்டியாகிவிட்டது, கோடி போர்த்தியாகிவிட்டது, வாய்க்கரிசியும் போட்டாகிவிட்டது. அத்தை உள்ளே போய் அம்மாவின் வேலைப் பையைக் குடைந்து டிரிம்மரை எடுத்துவந்தார். டிரிம்மர் என்றால் பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற, விரலால் அழுத்தினால் நூலைக் கத்தரிக்கிற சின்னக் கருவி. அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் 18 வருஷம் பிசிறு வெட்டினாள். மற்றவர்கள் தைத்து அனுப்பும் சட்டைகளில் தொங்கும் நூலையெல்லாம் வெட்டிச் சுத்தமாக்கி அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். நாள் முழுக்க, நின்றுகொண்டே.

"இத்தன வருஷம் இதப் புடிச்ச கை. இது இல்லாம போனா தேடுவா" என்று சொல்லி அத்தை அதை அம்மாவின் வலது கைக்குள் வைத்தார். அண்ணி எதுவும் பேசாமல் எடுத்தார். அத்தை மறுபடி வாங்கி வைத்தார். அண்ணி மறுபடி எடுத்து, இந்தமுறை தன் இடுப்பில் செருகிக்கொண்டார். "அங்க போயும் நூல் வெட்டணுமா?" என்று கேட்டார். அதற்குள் நேரமாகிறது என்று ஆண்கள் சத்தம் போட, பாடையைத் தூக்கிவிட்டார்கள். தெருமுனை வரைக்கும்தான் எங்களுக்கு அனுமதி. அங்கிருந்து திரும்பி வந்து வீட்டைக் கழுவினோம்.

நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவள். பிள்ளைகளுக்கு எகிப்து என்றால் பிரமிடும் மம்மியும்தான். பாடப்புத்தகமும் அதைத் தாண்டிப் போகாது. ஆனால் அன்று இரவு பாயில் படுத்திருந்தபோது என் நினைவுக்கு வந்தது எகிப்தின் கல்லறைகளில் கிடைத்த ஒரு சாண், அரைச் சாண் உயரப் பொம்மைகள். அண்ணி கேட்ட கேள்வியை அங்கே ஏறத்தாழ 4,000 வருஷங்களுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். கேட்டதோடு நிற்காமல், மரத்திலும் கல்லிலும் நீலப் பூச்சுக் களிமண்ணிலும் பதிலைச் செய்தும் வைத்துக்கொண்டார்கள்.

அவற்றின் பெயர் உஷப்தி. செத்த பிறகு போய்ச் சேரும் நாணல் வயல் என்ற உலகத்திலும் உழவு உண்டு, வாய்க்கால் உண்டு, அறுப்பு உண்டு என்று எகிப்தியர்கள் நம்பினார்கள். உயிரோடு இருந்தபோது அரசு ஆள் அனுப்பிக் கூலியில்லாத வேலைக்கு அழைப்பதுபோல அங்கேயும் அழைப்பு வரும். வயலைப் பண்படுத்து, கரைக்குத் தண்ணீர் பாய்ச்சு, கிழக்கிலிருந்து மேற்குக்கு மணலைக் கொண்டுபோ என்று சொல்வார்கள். அப்போது செத்தவருக்குப் பதிலாக எழுந்து "இதோ வந்தேன்" என்று சொல்ல வேண்டியது இந்தப் பொம்மை. 'இறந்தோர் நூல்' என்று நாம் அழைக்கும் மந்திரத் தொகுப்பில் 6ஆம் அத்தியாயம் இதற்கானது. பல பொம்மைகளின் உடம்பில் அந்த மந்திரமே எழுதியிருக்கும். உஷப்தி என்றால் பதில் குரல் கொடுப்பவர் என்று பொருள் சொல்கிறார்கள். கையில் மண்வெட்டி, முதுகில் கூடை. உடம்போ மம்மிபோல் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும்.

கூலியில்லாத அந்தக் கட்டாய வேலைக்குத் தமிழில் ஒரு பழைய சொல் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் அது 'வெட்டி'. ஊரார் செய்தே தீர வேண்டிய, காசு வராத உழைப்பு. இன்று அதே சொல்லுக்குச் சும்மா இருப்பது என்று அர்த்தமாகிவிட்டது. அம்மா கம்பெனிக்குப் போகத் தொடங்குவதற்கு முந்தைய வருஷங்களைப் பற்றி அப்பா "அப்ப வீட்லதான் வெட்டியா இருந்தா" என்று சொல்வார். கல்வெட்டின் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால் அப்பா சொன்னது ரொம்பச் சரி.

முதலில் ஒருவருக்கு ஒரு பொம்மை, இரண்டு பொம்மை என்றுதான் இருந்தது. பிறகு எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. 1922இல் திறக்கப்பட்ட துட்டன்காமனின் கல்லறையில் 413 பொம்மைகள் இருந்தன. நாளுக்கு ஒருவராக 365 வேலையாட்கள், 10 நாள் கொண்ட எகிப்திய வாரத்துக்கு ஒருவராக 36 மேற்பார்வையாளர்கள், மாதத்துக்கு ஒருவராக இன்னும் 12 பேர். பிற்காலத்தில் 365 பேரும் 36 மேற்பார்வையாளர்களுமாக 401 என்ற கணக்கு பரவலானது. மேற்பார்வையாளரைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அவருக்கு மம்மிக் கட்டு கிடையாது. உயிருள்ளவர்கள் உடுத்தும் உடையில், கையில் சாட்டையோடு நிற்பார். களிமண்ணில் அச்சுப்போட்டு எடுத்த பொம்மைகளுக்குக்கூடச் சூப்பர்வைசர் இல்லாமல் முடியாது என்று நினைத்திருக்கிறார்களே! அம்மாவின் மேசைக்குப் பின்னால் நின்று பாத்ரூம் போய்வரும் நிமிஷங்களைக் கணக்கெடுத்தவரைப் பற்றி அவள் சொல்லியிருக்கிறாள்.

இந்தப் பொம்மைகளை வாங்கிய ரசீது ஒன்றே கிடைத்திருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பாப்பிரஸ். அமுன் கோயிலில் தாயத்துச் செய்பவர்களின் தலைவர் ஒருவர், செத்துப்போன தந்தைக்காக மகன் வாங்கிய 401 உஷப்திகளுக்கு உரிய வெள்ளியைப் பெற்றுக்கொண்டதாக அதில் எழுதிக்கொடுக்கிறார். ஆண் அடிமைகள், பெண் அடிமைகள் என்றே அவர் அவற்றைக் குறிப்பிடுகிறார். விலை முழுதாக வந்துவிட்டது, ஆகவே தாமதிக்காமல் இவருக்கு வேலை செய்யுங்கள் என்று பொம்மைகளுக்கும் உத்தரவு. வெள்ளி வாங்கியவர் ஒருவர், உழைக்க வேண்டியது வேறொருவர். இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் ஏடிஎம் கார்டு நினைவுக்கு வந்தது. சம்பளம் அவள் பெயரில் வங்கிக்கு வரும். கார்டு அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும்.

பெண்களுக்கும் உஷப்திகள் வைத்தார்கள். கி.மு. 10ஆம் நூற்றாண்டில் தீப்ஸ் நகரத்தின் தலைமைப் பூசாரி இரண்டாம் பினெட்ஜெமின் மனைவி நெஸ்கோன்ஸுக்கு வைத்த பொம்மைகள் பற்றிக் கடவுள் அமுன் பெயரில் ஓர் ஆணையே உண்டு. இரண்டு மரப் பலகைகளில் எழுதப்பட்ட அந்த ஆணையின் பிரதிகளில் ஒன்று பாரிஸிலும் மற்றொன்று லண்டனிலும் இருக்கின்றன. செய்தவர்களுக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது, எனவே இந்தப் பொம்மைகள் நெஸ்கோன்ஸுக்கான எல்லா வேலையையும் செய்தாக வேண்டும், அவர் செய்யக் கூடாது என்பதுதான் சாரம். படிக்கும்போது நிம்மதியாக இருக்கும். ஒரு பெண்ணின் ஓய்வைக் கடவுளே உறுதிசெய்கிறார்!

ஆனால் அதே நெஸ்கோன்ஸுக்காக எழுதப்பட்ட இன்னொரு ஆணை இருக்கிறது. அதில் அமுன் அவரைத் தெய்வ நிலைக்கு உயர்த்துகிறார். உயர்த்திவிட்டு, அவருடைய மனசைத் திருப்பிவைப்பதாகவும் வாக்குக் கொடுக்கிறார். செத்த மனைவி, உயிரோடிருக்கும் கணவர் பினெட்ஜெமுக்கு எந்தத் தீங்கும் செய்யாமல், அவர் ஆயுளைக் குறைக்காமல் இருக்க வேண்டுமாம். எவ்வளவு பெரிய பூசாரி! மனைவி கண்ணை மூடியதும் அவருக்கு என்ன பயம்? அந்த வீட்டுக்குள் நடந்தது எதுவும் பலகையில் இல்லை. பயம் மட்டும் 3,000 வருஷமாக எழுத்தில் இருக்கிறது. 'சுமங்கலியாகப் போனவள் தெய்வம்' என்று சொல்லிப் புடவை வைத்துப் படைக்கும் நம் வீடுகளிலும் அந்தப் பயத்தின் ஒரு துளி இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. உயிரோடிருந்தபோது கேட்காத மன்னிப்பை ஒரு புடவையில் முடிக்கிறோம்.

உஷப்திகளுக்கு முன்னால் இன்னொரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டுக்கு வேண்டிய வேலைகளையெல்லாம் மரப் பொம்மைகளாகச் செய்து கல்லறையில் அடுக்குவார்கள். மெகெத்ரே என்ற அதிகாரியின் கல்லறையில் 1920இல் அமெரிக்க ஆய்வாளர் வின்லாக் கண்டெடுத்த பொம்மைப் பட்டறைகள் இதில் புகழ்பெற்றவை. கி.மு. 1980ஐ ஒட்டியவை. தானியக் களஞ்சியத்தில் எழுத்தர்கள் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார்கள், மாடுகளைத் திண்ணையிலிருந்து எண்ணுகிறார்கள். எழுதுபவர்களும் எண்ணுபவர்களும் ஆண்கள். நெசவுக் கூடத்தில் இருப்பவர்கள் பெண்கள். சிலர் நின்றபடி நூல் நூற்கிறார்கள், சிலர் சுவரில் அடித்த முளைகளில் பாவு ஓட்டுகிறார்கள், சிலர் தரையோடு கிடக்கும் தறிக்கு இருபுறமும் குந்தியிருக்கிறார்கள். இப்போது கெய்ரோவில் இருக்கும் அந்தக் கூடத்தின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அம்மா போன பிறகு பார்த்தபோது, கதவு சாத்திய இருட்டில் சுமார் 4,000 வருஷம் அந்தப் பெண்களுக்கு ஷிப்ட் முடியவே இல்லையே என்று தோன்றியது.

கல்லறையில் கிடைத்த எல்லாப் பெண் உருவங்களும் வேலைக்காரிகளாக இருந்ததில்லை. நிர்வாணமாக, பல சமயம் பாதமில்லாமல் செய்யப்பட்ட சின்னப் பெண் உருவங்களும் கிடைத்தன. அகழ்ந்தெடுத்தவர்கள் அவற்றுக்குச் 'செத்தவரின் ஆசைநாயகி' என்று பெயர் வைத்தார்கள். செத்தவர் என்றால் ஆண்தானே! ஆனால் அவை பெண்களின் கல்லறைகளிலும் இருந்தன, குழந்தைகளின் கல்லறைகளிலும் இருந்தன, வீடுகளிலும் ஹத்தோர் தேவியின் கோயில்களிலும்கூட இருந்தன. ஜெரால்டின் பின்ச் 1993இல் ஹத்தோர் வழிபாட்டைப் பற்றி எழுதிய நூலில், பிள்ளைப்பேறு, குடும்ப நலம் பற்றிய வேண்டுதலோடு இவற்றைச் சேர்த்துப் பார்த்தார். ஆசைநாயகி என்ற பெயர் அதற்குள் பல அருங்காட்சியகப் பட்டியல்களில் ஏறிவிட்டிருந்தது.

நம் ஊரிலும் செத்தவர்களோடு உருவங்கள் வைத்திருக்கிறார்கள். இதை என் மாணவிகளில் பலர் நம்ப மாட்டார்கள். நீலகிரியில் கல் வட்டங்களுக்கு உள்ளே உயரமான மண் ஜாடிகள் கிடைத்தன. அவற்றின் மூடிகளின் மேல் எருமை, குதிரையில் ஏறியவர், ஆண், பெண் என்று சுடுமண் உருவங்கள் உட்கார்ந்திருக்கும். நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் தோண்டி எடுத்த தொகுப்பு சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. பிரீக்ஸ் 1872இல் இறந்துபோனார். அவருடைய குறிப்புகள் மறுவருஷம் லண்டனில் நூலாக வந்தன. அதைப் பதிப்பித்தவர் அவர் மனைவி சூசன் மரியா. ஆனால் நூலின் முகப்பில் சூசன் மரியா என்ற பெயர் கிடையாது. அவருடைய விதவை பதிப்பித்தது என்று மட்டும் இருக்கிறது. நீலகிரித் தொல்லியலின் அடிப்படையான நூல்களில் ஒன்று, வேலை செய்தவரின் பெயர் இல்லாமல் அச்சாகியிருக்கிறது.

ஆதிச்சநல்லூர் நமக்கு இன்னும் பழக்கமான பெயர். தாமிரபரணிக் கரையில் 114 ஏக்கர் இடுகாடு. 1876இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழிகளோடு பொன் பட்டங்கள், இரும்பு ஆயுதங்கள், மூடியில் விலங்குகள் நிற்கும் வெண்கலக் கலங்கள், கூடவே ஒரு சின்ன வெண்கலப் பெண் உருவம். அந்தப் பெண்ணுக்குத் 'தாய்த்தெய்வம்' என்று பெயர் போட்டுவிட்டார்கள். 2004இல் சத்தியமூர்த்தியின் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி அகழ்ந்தபோது கிடைத்த மண்கலம் ஒன்றில் ஒட்டுவேலையாக ஒரு பெண் நிற்கிறாள். ஒல்லியான, உயரமான பெண். பக்கத்தில் நெற்கதிர்போல் ஒரு பயிர், வாழைமரத்தில் உட்கார்ந்த கொக்கு, மான், முதலை. அவளையும் தாய்த்தெய்வம் என்று எழுதினார்கள்.

எகிப்தின் மிகப் பழைய பெண் உருவங்களை வைத்துப் பீட்டர் உக்கோ 1968லேயே இந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்டுவிட்டார். கிடைக்கிற பெண் பொம்மையெல்லாம் ஒரே தாய்த்தெய்வம் என்று சொல்ல ஆதாரம் எங்கே என்பது அவர் கேள்வி. எனக்கு இன்னொரு குறை உண்டு. ஆண் உருவம் கிடைத்தால் குதிரைவீரன் என்கிறோம், வேட்டைக்காரன் என்கிறோம், அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கிறோம். பெண் கிடைத்தால் அவள் என்ன செய்கிறாள் என்று கேட்பதற்கு முன்பே கும்பிட்டுவிடுகிறோம். பயிருக்குப் பக்கத்தில் நிற்பவள் அந்தப் பயிரை நட்டவளாக இருக்கக் கூடாதா? எகிப்தில் ஆசைநாயகி, இங்கே தெய்வம். இரண்டிலும் ஒரு பெயர் சொல்லி நகர்ந்துவிட முடிகிறது.

தாழி என்றதும் நம் வகுப்பறைகளில் புறநானூறு வரும். தாழி செய்யும் குயவரை விளித்து அதில் இரண்டு பாட்டுகள் உண்டு. 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது, அவன் புகழுக்கு ஏற்ற தாழி செய்வதென்றால் உலகம் சக்கரமாகவும் மேருமலை மண்ணாகவும் வேண்டுமே, உன்னால் ஆகுமா என்று குயவரைப் பார்த்துக் கேட்கிறார். 256ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் தெரியாது. அதில் பேசுபவள் கணவனை இழந்த ஒரு பெண். அவள் கேட்பது, தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய், எனக்கும் இடம் வேண்டும் என்பது மட்டும்தான். கற்புக்கு எடுத்துக்காட்டு என்று சொல்லித்தான் எனக்கு இதை நடத்தினார்கள், நானும் சில வருஷம் அப்படியே சொன்னேன். இப்போது வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். அவனுக்கு மேருமலை போதவில்லை, அவள் இன்னும் கொஞ்சம் அகலம் கேட்கிறாள். போன வருஷம் ஒரு மாணவி, "அவங்களுக்குன்னு தனியா ஒண்ணு கேட்டிருக்கலாமே டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

பதினாறாம் நாள் படையல் அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் படைத்தபோது ஒரு குழப்பமும் இருந்ததில்லை. மட்டன், வஞ்சிரம் வறுவல், ஒரு குவார்ட்டர், ஒரு கட்டு பீடி. தெருவுக்கே தெரிந்த பட்டியல். அம்மாவுக்குப் படைக்க உட்கார்ந்தபோது "அவளுக்குப் புடிச்சது என்ன?" என்று பெரியம்மா கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சமிருப்பதைச் சாப்பிட்டவளுக்கு எது பிடிக்கும்? அண்ணன் வஞ்சிரம் என்றான். அது அப்பாவுக்குப் பிடித்தது. எகிப்தில் இந்தச் சங்கடம் இல்லை. ரொட்டி, பீர், மாடு, பறவை என்று எல்லோருக்கும் ஒரே படையல் வாய்பாடு, கல்லில் எழுதிவைத்தால் போதும். கடைசியில் அண்ணனின் சின்னப் பையன், "ஆயா டீல பன்னு தொட்டுச் சாப்பிடும். ஸ்டேஷன் கடைல. எனக்கும் தரும்" என்றான். பட்டாபிராம் பக்கம் போய்ப் பன் வாங்கிவந்து, டீ போட்டு இலையில் வைத்தோம். ரயிலுக்கு நிற்கும் நேரத்தில் அவள் யாருக்கும் தெரியாமல் ஏதோ ஒன்றை ஆசைப்பட்டுச் சாப்பிட்டிருக்கிறாள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியையும் அத்தையையும் பையனையும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். அத்தை, "செத்த காலேஜுக்கா?" என்று கேட்டார். 1851இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்துக்குச் சென்னைக்காரர்கள் வைத்த பெயர் அது. மிருகக்காட்சிசாலைக்கு உயிர் காலேஜ். யூனிட் ரயிலில் மூர் மார்க்கெட் வரைக்கும் போய் அங்கிருந்து ஆட்டோ பிடித்தோம். அத்தை அங்கே கடைசியாகப் போனது கல்யாணமான புதிதில்.

சுடுமண் உருவங்களின் கண்ணாடிப் பெட்டி முன்னால் அண்ணி ரொம்ப நேரம் நின்றார். உஷப்தி பற்றி ரயிலிலேயே சொல்லியிருந்தேன். "நீ சொன்ன மாதிரி இவங்க கைல மம்பட்டி எதுவும் இல்லியே" என்றார். உண்மைதான், எங்கள் முன்னால் இருந்த பெண் உருவத்தின் கையில் ஒன்றுமில்லை. "மூடி மேலதான உக்கார வச்சிருக்காங்க. காவலா இருக்கும்" என்றேன். அத்தை கண்ணாடியில் நெற்றி படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். "காவலும் இல்ல ஒண்ணும் இல்ல. சும்மா உக்காந்து வேடிக்க பாக்குறா" என்றார். எந்த ஆய்வேட்டிலும் நான் இந்த விளக்கத்தைப் படித்ததில்லை. ஆனால் தாய்த்தெய்வத்தைவிட இது எனக்கு நம்பக்கூடியதாக இருந்தது.

திரும்பி வரும்போது ஆவடி தாண்டியதும் அத்தை அண்ணியிடம், "அந்த நூல் வெட்டுறத எனக்குக் குடுத்துடு" என்றார். அண்ணி முதலில் பதில் சொல்லவில்லை. அதை அவர் சமையலறை ஆணியில் மாட்டிவைத்திருந்தார், பால் பாக்கெட்டைக்கூட அதில் வெட்டவிட மாட்டார். வீட்டுக்கு வந்ததும் எடுத்துக் கொடுத்தார். அத்தை அதைத் துணியில் சுற்றி வெற்றிலைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன எடுக்கும்போது என் கைல வச்சிடுங்க. நான் போயி அவகிட்ட குடுத்துக்கிறேன்" என்றார். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்து, "வெட்டச் சொல்ல மாட்டன்டி. சும்மா அவ பொருள அவகிட்ட குடுக்குறதுதான்" என்றார்.